குமரிமுனையில் நிற்பது சிலையா, கட்டடமா? கணபதி ஸ்தபதியின் கலையைப் புரிந்துகொள்ள

2024 டிசம்பர் இறுதியில் குமரிமுனைத் திருவள்ளுவர் சிலைக்கு வெள்ளி விழா எடுத்தார்கள். சிலை நிற்கும் பாறையையும் விவேகானந்தர் பாறையையும் இணைக்கும் 77 மீட்டர் நீளக் கண்ணாடிப் பாலம் திறக்கப்பட்டது. சிலைக்குப் 'பேரறிவுச் சிலை' என்று பெயரும் சூட்டப்பட்டது. செய்திகளில் பாலம் முக்கிய இடம் பிடித்தது. அதன் மேல் நின்று படம் எடுத்தவர்கள் கேட்ட கேள்விகள் வேறு மாதிரியானவை. இது ஒரே கல்லா? உள்ளே கான்கிரீட் இருக்கிறதா? இத்தனை பெரிய சிலையை ஒருவர் எப்படிச் செதுக்கினார்? நான்கு ஆண்டுக்கு ஒருமுறை சாரம் கட்டி எதையோ பூசுகிறார்களே, கல்லுக்கு எதற்குப் பூச்சு?

இவை எல்லாவற்றுக்கும் விடை ஒரே இடத்தில் இருக்கிறது. இந்தச் சிலையை வடிவமைத்த வை. கணபதி ஸ்தபதி, அதைச் சிலையாகச் செதுக்கவில்லை. கோயில் விமானம் (கருவறைக்கு மேல் எழும் கோபுரம்) எழுப்புவதுபோல் கல் மேல் கல்லாகக் கட்டினார். அவருடைய வாழ்க்கையையும் அவர் கற்ற மரபையும் தெரிந்துகொண்டால், ஏன் அப்படிச் செய்தார் என்பதும் அதன் விளைவுகள் என்ன என்பதும் விளங்கும்.

முதலில் சில சொற்கள்

கல்வேலையில் நான்கு பொறுப்புகளைச் சிற்ப நூல்கள் பிரித்துச் சொல்கின்றன.

1. ஸ்தபதி: திட்டமிடுபவர், அளவு வகுப்பவர், முழு வேலைக்கும் பொறுப்பேற்பவர்.
2. சூத்திரக்கிராகி: ஸ்தபதி வகுத்த அளவை நூல் பிடித்துக் கல்லிலும் களத்திலும் குறிப்பவர்.
3. தட்சகன்: உளி பிடித்துச் செதுக்குபவர்.
4. வர்த்தகி: செதுக்கிய உறுப்புகளைப் பொருத்தி நிறுத்துபவர்.

'சிற்பி' என்ற சொல்லை இந்த நால்வருக்குமே பொதுவாகப் பயன்படுத்துகிறோம். குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது. ஐரோப்பிய வழக்கில் சிற்பி என்றால், தன் கையால் களிமண்ணில் உருவம் பிடித்து, அதை வெண்கலத்தில் வார்ப்பவர் அல்லது பளிங்கில் செதுக்குபவர். கைதான் அவருடைய கையெழுத்து. ஸ்தபதி மரபிலோ படைப்பின் உரிமை அளவு வகுத்தவருக்குப் போகிறது. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் 'வீரசோழன் குஞ்சரமல்லனான இராசராசப் பெருந்தச்சன்' என்று ஒரு பெயர் இருக்கிறது. அந்தப் பெருந்தச்சர் எந்தக் கல்லில் உளி வைத்தார் என்று எவரும் கேட்பதில்லை. கணபதி ஸ்தபதியின் குடும்பம் அவர் வழியில் வந்ததாகத் தன்னைச் சொல்லிக்கொள்வது. இத்தனை தலைமுறை தாண்டிய உரிமையைச் சரிபார்க்க வழியில்லை என்றாலும், கணபதி ஸ்தபதி எந்த வேலையை முன்மாதிரியாகக் கொண்டிருந்தார் என்பதை அது காட்டுகிறது.

பிள்ளையார்பட்டியிலிருந்து மாமல்லபுரம்

கணபதி 1927இல் பிள்ளையார்பட்டியில் பிறந்தார். காரைக்குடிக்குப் பக்கத்தில், குடைவரைக் கோயிலில் பிள்ளையார் அமர்ந்திருக்கும் ஊர். பத்தொன்பதாம் நூற்றாண்டிலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் நகரத்தார் பெருஞ்செலவில் கோயில் திருப்பணிகள் செய்தார்கள். அதனால் செட்டிநாட்டில் கல்வேலைக் குடும்பங்களுக்குத் தொழில் அறுபடாமல் தொடர்ந்தது. தந்தை வைத்தியநாத ஸ்தபதி அந்தத் தலைமுறையின் பெரிய கைகளில் ஒருவர். மகன் வீட்டில் சிற்ப நூல்களையும் வடமொழியையும் கற்றார். காரைக்குடி அழகப்பா கல்லூரியில் கணிதம் படித்துப் பட்டம் பெற்றார். கணிதப் பட்டம் ஸ்தபதி மரபுக்கு வெளியே போன படிப்பாகத் தோன்றலாம். அளவே கலையாக இருக்கும் தொழிலில் அது உள்ளே போகும் படிப்பு.

பட்டம் பெற்றபின் அறநிலையத் துறையின் ஸ்தபதியாகப் பழனி முருகன் கோயிலில் பணியாற்றினார். இதற்கிடையே, 1957இல் மாமல்லபுரத்தில் அரசு ஒரு சிற்பப் பயிற்சி நிலையத்தைத் தொடங்கி, வைத்தியநாத ஸ்தபதியிடம் ஒப்படைத்தது. அதுவரை இந்தக் கல்வி பெரும்பாலும் விஸ்வகர்மக் குடும்பங்களுக்குள், அப்பனிடமிருந்து மகனுக்கு, பட்டறையிலேயே நடந்தது. பாடத்திட்டம், தேர்வு, சான்றிதழ் என்று எதுவும் கிடையாது. தந்தைக்குப் பின் 1960களில் பொறுப்பேற்ற கணபதி ஸ்தபதி, கால் நூற்றாண்டுக்கும் மேலாக அந்த நிறுவனத்தை நடத்தினார். அது கல்லூரியாக வளர்ந்தது. கோயில் கட்டடக்கலையும் கல், சுதை, உலோக, மரச் சிற்பங்களும் வகுப்பறைப் பாடங்களாயின.

அவருடைய கட்டடங்களைப் பற்றித்தான் எல்லாரும் பேசுகிறார்கள். என் கணிப்பில் அதிக விளைவு உண்டாக்கியது இந்தக் கல்லூரி. மாமல்லபுரக் கற்சிற்பங்களுக்கு 2017இல் புவிசார் குறியீடு கிடைத்தது. கடற்கரைச் சாலையில் இன்றும் உளியோசை கேட்கிறது. அந்த ஓசைக்குப் பின்னால் இரண்டு தலைமுறை மாணவர்கள் இருக்கிறார்கள்.

வழிபாட்டுக்கு ஒரு சிலை, நினைவுக்கு ஒரு சிலை

கோயிலுக்குள் இருக்கும் படிமத்துக்கும் நாற்சந்தியில் நிற்கும் தலைவர் சிலைக்கும் வேறுபாடு பொருளில் மட்டும் இல்லை. செய்முறையே வேறு.

கோயில் படிமத்துக்குக் கல் தேர்வதிலேயே விதி தொடங்குகிறது. தட்டிப் பார்த்தால் மணியோசை எழும் கல் ஆண் கல். மென்மையான ஓசை எழுப்புவது பெண் கல். ஓசையே இல்லாதது அலிக் கல். ஆண் தெய்வத்துக்கு ஆண் கல், பெண் தெய்வத்துக்குப் பெண் கல், அலிக் கல் தரைக்கும் அடித்தளத்துக்கும். இதைச் சடங்கு என்று ஒதுக்கிவிட வேண்டியதில்லை. உள்ளே விரிசலோ மண் பாய்ந்த அடுக்கோ இருக்கும் கல் ஓசை எழுப்பாது. தட்டிக் கேட்பது மிகப் பழைய தரச் சோதனை.

அடுத்து தாலம். முகத்தின் நீளம் ஒரு தாலம்; அதைப் பன்னிரண்டாகப் பகுத்தால் ஓர் அங்குலம். நம் அளவுகோல் அங்குலத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை. இது அந்தந்தப் படிமத்தின் முகத்திலிருந்தே பிறக்கும் அளவு. சிலை பெரிதானால் அங்குலமும் பெரிதாகும். பெருந்தெய்வங்களுக்கு உத்தம தச தாலம், அதாவது 124 அங்குலம். மற்றவர்களுக்குப் படிப்படியாகக் குறையும். மார்பு எங்கே, கொப்பூழ் எங்கே, முழங்கால் எங்கே என்பதெல்லாம் அந்தக் கணக்கிலிருந்தே வரும். கடைசியாகக் கண் திறத்தல். அதுவரை கல், அதன் பிறகு தெய்வம்.

இதில் எங்கும் 'அவரைப் போலவே இருக்கிறதா' என்ற கேள்வி எழுவதில்லை. நினைவுச் சிலைக்கோ அந்தக் கேள்விதான் உயிர். சென்னைக் கடற்கரையில் காந்தி சிலையையும் உழைப்பாளர் சிலையையும் வடித்த தேவி பிரசாத் ராய் சௌத்ரி, சென்னைக் கலைப்பள்ளியின் முதல்வராகப் பல ஆண்டுகள் இருந்தவர். அவருடைய முறை ஐரோப்பிய முறை: களிமண்ணில் உருவம், பிறகு வெண்கல வார்ப்பு. நரம்பு புடைத்த புயமும் வளைந்த முதுகும் உயிருள்ள உடலைப் பார்த்துப் பிடித்தவை.

இப்படி இரண்டாகப் பிரித்துவிட்டால் கதை முடிந்தது என்று தோன்றும். தமிழ் நிலத்தில் அப்படிப் பிரிந்து கிடந்ததில்லை என்பதுதான் இங்கே முக்கியம். போரில் இறந்த வீரனுக்கு நட்ட நடுகல் நினைவுச்சின்னமாகவும் வழிபடு பொருளாகவும் ஒருசேர இருந்தது. தொல்காப்பியம் அதற்குக் காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்து என ஆறு நிலைகளைச் சொல்கிறது: கல்லைக் கண்டு தேர்ந்து, கொண்டுவந்து, நீராட்டி, நட்டு, படையலிட்டு, வாழ்த்துவது. சிலப்பதிகாரத்தின் வஞ்சிக் காண்டம் கண்ணகிக்குக் கல் எடுத்த கதையை இதே வரிசையில் சொல்கிறது. சோழர் காலத்தில் இறந்த அரசருக்குக் கோயிலே எழுப்பினார்கள். அதற்குப் பள்ளிப்படை என்று பெயர். மேல்பாடியில் அரிஞ்சய சோழனுக்காக முதலாம் இராசராசன் எடுப்பித்த கோயில் இன்றும் இருக்கிறது. கணபதி ஸ்தபதி ஒரு புலவருக்கு நினைவுச்சின்னம் எழுப்பும்போது கோயில் இலக்கணத்தைக் கையிலெடுத்தது இந்த வழக்கத்தின் தொடர்ச்சி.

முகம் தெரியாத ஒருவருக்குச் சிலை

குமரிமுனையில் இரண்டு பாறைகளையும் ஒப்பிட்டுப் பார்த்தால் வேறுபாடு கண்ணுக்கு நேராகத் தெரியும். 1970இல் திறக்கப்பட்ட விவேகானந்தர் மண்டபத்தை எஸ். கே. ஆச்சாரி கோயில் பாணியில் கட்டினார். உள்ளே நிற்கும் விவேகானந்தரோ மும்பைச் சிற்பி சோனாவடேகர் வடித்த வெண்கல உருவம். விவேகானந்தருக்குப் புகைப்படங்கள் உண்டு, சாயல் பிடிக்கலாம். வெளியே மரபு, உள்ளே உருவப்படம் என்று அங்கே வேலை இரண்டாகப் பிரிந்தது.

வள்ளுவருக்குச் சாயல் ஏது? இன்று நாம் 'வள்ளுவர் முகம்' என்று நினைப்பது வேணுகோபால் சர்மா வரைந்து, 1960களில் தமிழ்நாடு அரசு ஏற்றுக்கொண்ட ஓவியம். அதில் அவர் அமர்ந்திருக்கிறார். குமரியிலோ நிற்க வேண்டும், அதுவும் மூன்று பக்கமும் கடல் இருக்கும் பாறையில், நான்கு திசையிலிருந்தும் பார்க்கும்படி. சாயல் இல்லாத இடத்தை ஸ்தபதி அளவால் நிரப்பினார்:

1. மொத்த உயரம் 133 அடி. குறளின் அதிகாரங்கள் 133.
2. பீடம் 38 அடி. அறத்துப்பாலின் அதிகாரங்கள் 38.
3. பீடத்தின் மேல் நிற்கும் உருவம் 95 அடி. பொருட்பாலின் 70 அதிகாரங்களும் இன்பத்துப்பாலின் 25 அதிகாரங்களும் சேர்ந்து 95.
4. வலக்கை காட்டும் மூன்று விரல்கள் முப்பால். இடக்கையில் ஏடு.
5. பீடத்தைச் சூழ்ந்த மண்டபத்தில் 10 யானைகள்; எட்டுத் திக்கும் மண்ணும் விண்ணும்.

அறத்தின் மேல் பொருளும் இன்பமும் நிற்கின்றன என்ற பொருள் இதில் அடங்கியிருக்கிறது. இதெல்லாம் வெறும் எண் விளையாட்டு என்று சொல்பவர்கள் உண்டு. அந்தக் குறையில் ஓரளவு நியாயமும் இருக்கிறது; அடி என்பதே ஆங்கிலேயர் கொண்டுவந்த அளவு, குறளுக்கும் அதற்கும் என்ன உறவு? ஆனால் ஒரு நூலாசிரியரைப் பற்றி நமக்கு உறுதியாகத் தெரிந்தது அவருடைய நூலின் அமைப்பு மட்டுமே என்னும்போது, உடலை அந்த அமைப்பிலிருந்து வகுப்பது கற்பனையான முகபாவத்தைவிட நேர்மையான வழி.

இன்னொரு அளவை விழாப் பேச்சுகளில் யாரும் குறிப்பிடுவதில்லை. சிலையின் முகம் 10 அடி, கைத்தலம் 10 அடி. முகமும் விரித்த கையும் ஒரே அளவு என்பது தால இலக்கணத்தின் அடிப்படை. அதிகாரக் கணக்கு பார்ப்பவர்களுக்காக; இந்தக் கணக்கு கட்டுபவர்களுக்காக. உங்கள் உள்ளங்கையின் அடியை மோவாயில் வைத்து விரல்களை நெற்றி மேல் விரித்துப் பாருங்கள். சிற்ப நூல் எங்கிருந்து எடுத்தது என்று தெரியும்.

இத்தனை கோயில் இலக்கணம் இருந்தும் இந்தச் சிலைக்குப் பூசை கிடையாது. மண்டபத்துக்குள் இருக்கும் 140 படிகளில் ஏறி அடிகளைத் தொட்டுவிட்டு வரலாம், அவ்வளவுதான். வள்ளுவரைத் தெய்வமாகவே வணங்க நினைப்பவர்களுக்கு மயிலாப்பூரில் தனிக் கோயில் இருக்கிறது.

கட்டிய விதம்

1979இல் பிரதமர் மொரார்ஜி தேசாய் அடிக்கல் நாட்டினார்; அப்போது முதல்வர் எம்.ஜி.ஆர். வேலை தொடங்கியது 1990இல், கருணாநிதி ஆட்சியில். மறு ஆண்டு அந்த ஆட்சி கலைக்கப்பட்டதோடு வேலை தடைப்பட்டு, அவர் மீண்டும் வந்தபின் 1997இல் சூடு பிடித்தது. 2000 ஜனவரி 1 அன்று சிலை திறக்கப்பட்டது.

இதில் பயன்பட்ட கற்கள் 3,681. மொத்த எடை சுமார் 7,000 டன்: உருவம் 2,500, பீடம் 1,500, பீடத்தைச் சுற்றிய மண்டபம் 3,000. பல கற்கள் 3 முதல் 8 டன். சில 15 டன் வரை. அம்பாசமுத்திரத்திலிருந்து 5,000 டன்னும், சிறுதாமூரிலிருந்து உயர்ந்த ரகக் கருங்கல் 2,000 டன்னும் வந்தன. கன்னியாகுமரி, அம்பாசமுத்திரம், சங்கராபுரம் என மூன்று இடங்களில் பட்டறைகள் இயங்கின. நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட சிற்பிகள் வேலை செய்தார்கள்.

ஆக, ஒரே கல் இல்லை. கான்கிரீட் உருவத்தின் மேல் கல் ஒட்டியதும் இல்லை. கல்லே சுமக்கிறது. குஜராத்தின் படேல் சிலையோடு ஒப்பிட்டால் இது தெளிவாகும். 182 மீட்டர் உயரமுள்ள அதன் உள்ளே கான்கிரீட்டும் எஃகும். வெளியே தெரியும் வெண்கலம் போர்வை. குமரியில் போர்வை இல்லை.

கருங்கல்லுக்கு ஒரு குணம் உண்டு. மேலிருந்து அழுத்தினால் மலையையே தாங்கும். இழுத்தாலோ வளைத்தாலோ முறிந்துவிடும். கோயில் கட்டியவர்கள் இதைத் தெரிந்தே கட்டினார்கள். தஞ்சை விமானம் 200 அடிக்கு மேல் உயர்ந்தும் நிற்பது, உள்ளே கூடாக, வரிசை வரிசையாகக் கல் அடுக்கி, ஒவ்வொரு வரிசையின் பாரமும் அடுத்த வரிசையின் மேல் நேராக இறங்கும்படி அமைந்ததால். குமரிச் சிலையும் உள்ளே கூடுதான். கூட்டுக்குள் குறுக்கும் நெடுக்குமாகக் கல் உத்திரங்கள் ஓடிப் புறச்சுவரைப் பிணைத்துப் பிடிக்கின்றன.

விமானம் கோபுர வடிவில் குறுகிக்கொண்டே போகும். பாரம் கீழே, ஒல்லி மேலே. மனித உருவம் அப்படி இல்லை. கணுக்கால் ஒடுங்கி, மேலே தோள் 30 அடி அகலத்துக்கு விரிகிறது. போதாததற்கு ஸ்தபதி இடுப்பில் ஒரு வளைவும் வைத்தார். அந்த வளைவு இல்லாவிட்டால் சிலை தூண்போல் விறைத்து நின்றிருக்கும். இருப்பதால் ஒவ்வொரு கல் வரிசையின் மையமும் கொஞ்சம் கொஞ்சமாக விலகுகிறது.

இங்கேதான் சிற்ப நூலின் சூத்திரம் பொறியியலாகிறது. நிற்கும் உருவத்தின் நடுவே உச்சியிலிருந்து பாதம் வரை தொங்கவிடும் கற்பனை நூலுக்குக் காயமத்திய சூத்திரம் என்று பெயர். வளைந்து நிற்கும் படிமத்தில் எந்த உறுப்பு இந்த நூலிலிருந்து எவ்வளவு விலகலாம் என்பதற்கு அளவு உண்டு. விலகல்கள் இடமும் வலமுமாக ஒன்றையொன்று ஈடுசெய்ய வேண்டும். நடராசர் ஒற்றைக் காலில் நின்றும் நம் கண்ணுக்குச் சாயாமல் இருப்பது இதனால்தான். குமரிச் சிலைக்கு முதலில் மரத்தில் மாதிரி செய்து, இந்த நூலை அதில் உறுதிசெய்துகொண்ட பிறகே கல்லுக்குப் போனார்கள். கைகளையும் கவனிக்கலாம். மேடைப் பேச்சாளரைப்போல் அவர் கையை வெளியே நீட்டவில்லை. வலக்கை மார்புக்கு முன்னால் உயர்கிறது, ஏடு பிடித்த இடக்கை உடலை ஒட்டியிருக்கிறது. அடக்கமான தோற்றம் என்று ரசிக்கலாம். காற்றில் நீண்டு நிற்கும் கருங்கல் முறியும் என்பதும் காரணம்.

ஒரு கல் மேலே போகும் பயணம் இப்படி: பட்டறையில் அளவுக்குச் செதுக்கி, எண் எழுதி, அக்கம்பக்கத்துக் கற்களோடு சேர்த்து வைத்துப் பொருத்தம் பார்த்து, கரைக்குக் கொண்டுவந்து, படகேற்றி, கடல் அமைதியாக இருக்கும் நேரம் பார்த்துப் பாறையில் இறக்கி, பனங்கட்டையும் சவுக்குக் கம்பும் கயிறும் கொண்டு கட்டிய சாரத்தின் ஊடே தூக்கி, தன் எண்ணுக்குரிய இடத்தில் உட்கார வைக்க வேண்டும். சாரத்துக்கு மட்டும் ஆயிரக்கணக்கில் சவுக்குக் கம்புகள் போயின. நெற்றியின் பாதி ஒரு கல்லில், மீதி இன்னொரு கல்லில். பட்டறையில் அரை அங்குலம் தவறினால் மேலே முகம் கோணிவிடும்.

2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் சிலைக்குச் சேதமில்லை. பாறை மேல் அமர்ந்த 7,000 டன் கல்லை அலை நகர்த்த முடியாது என்பதே எளிய விளக்கம். இதற்கு அமானுஷ்யக் காரணம் தேடுவது கட்டியவர்களின் உழைப்பைக் குறைத்துப் பேசுவதாகும்.

மற்ற பணிகள்

பூம்புகாரின் சிலப்பதிகாரக் கலைக்கூடம் 1973இல் எழுந்தது. ஏழு நிலை மாடம், உள்ளே காப்பியக் கதை கற்சிற்பங்களாக. சென்னை வள்ளுவர் கோட்டத்தில் 39 மீட்டர் உயரக் கல்தேர், திருவாரூர் ஆழித்தேரின் சாயலில். 1,330 குறளும் கல்லில் பொறிக்கப்பட்டிருக்கின்றன. அது கட்டி முடியும் தறுவாயில், 1976 ஜனவரி இறுதியில், கருணாநிதி ஆட்சி கலைக்கப்பட்டது. குடியரசுத் தலைவர் ஆட்சியில் ஏப்ரலில் திறப்பு விழா நடந்தது. கட்டத் தொடங்கிய முதல்வர் திறக்கவில்லை. கோயிலுக்கு ஊர் இருக்கிறது, அறங்காவலர் இருக்கிறார்கள். அரசு நினைவுச்சின்னத்துக்குத் தேர்தல்தான் அறங்காவலர். குமரியில் 1991இல் நடந்ததும் இதுவே.

கோயில் பணிகளில் தனியாகச் சொல்ல வேண்டியது ஹவாய்த் தீவுகளில் ஒன்றான காவாயில் எழுந்த 'இறைவன் கோயில்'. கற்களைப் பெங்களூருக்கு அருகே பட்டறை அமைத்து, இயந்திரம் தொடாமல் கையுளியால் செதுக்கிக் கப்பலில் அனுப்பினார்கள். ஆயிரம் ஆண்டு நிற்க வேண்டும் என்பது எடுத்தவர்களின் நோக்கம். அதற்காக அடித்தளத்தை எஃகுக் கம்பியே இல்லாமல், நிலக்கரிச் சாம்பல் கலந்த கான்கிரீட்டில் போட்டார்கள். கம்பி துருப்பிடித்து வீங்கினால் கான்கிரீட்டைப் பிளந்துவிடும். 1990இல் செதுக்கத் தொடங்கிய கோயிலுக்கு 2023இல்தான் குடமுழுக்கு. ஸ்தபதி 2011இலேயே மறைந்துவிட்டார். மத்திய அரசு அவருக்கு 2009இல் பத்ம பூஷண் அளித்திருந்தது.

மயன் விவகாரம்

கல்லூரியிலிருந்து ஓய்வு பெற்றபின் கணபதி ஸ்தபதி மயன் என்னும் முனிவரைச் சிற்பக்கலையின் தமிழ் ஆதிகுருவாக முன்னிறுத்தி நிறைய எழுதினார், பேசினார். நடு அமெரிக்காவின் மாயா நாகரிகக் கட்டடங்களைப் பார்த்துவந்து, அவற்றின் அளவுமுறைக்கும் நம் வாஸ்து நூல்களுக்கும் உறவு உண்டு என்றார். மயன் பெயரில் 'ஐந்திறம்' என்றொரு தொன்மையான நூல் இருந்ததாகவும் ஆதரித்துப் பேசினார்.

வரலாற்றாய்வாளர்கள் இவற்றை ஏற்கவில்லை. பெயர் ஒற்றுமையும் சதுரக் கட்டங்களும் உறவுக்குச் சான்றாகா. ஐந்திறத்தின் மொழிநடையை வைத்து அதன் பழமையையும் தமிழறிஞர் பலர் மறுத்தார்கள். இந்த விஷயத்தில் ஸ்தபதியின் அடியார்களும் எதிர்ப்பாளர்களும் ஒரே தவறைச் செய்கிறார்கள்: அவருடைய கட்டடத் திறனையும் வரலாற்றுக் கருத்தையும் ஒரே மூட்டையாகக் கட்டி, மொத்தமாக ஏற்கிறார்கள் அல்லது மொத்தமாகத் தள்ளுகிறார்கள். மர மாதிரியில் அவர் பிடித்த நூல் சரியாக இருந்தது என்பதற்குச் சிலையே சான்று. மாயாக்கள் பற்றிய கருத்துக்கு அப்படிச் சான்று எதுவும் இல்லை.

கல்லுக்கு எதற்குப் பூச்சு?

கட்டடமாகக் கட்டியதன் விலை இது. ஒரே பாறையில் செதுக்கிய சிலைக்கு மூட்டு கிடையாது. 3,681 கற்கள் என்றால் ஆயிரக்கணக்கான மூட்டுகள். கடற்காற்றில் வரும் உப்பு ஈரத்தோடு மூட்டுகளிலும் கல்லின் நுண்துளைகளிலும் இறங்குகிறது. வெயிலில் நீர் ஆவியாக, உப்பு உள்ளேயே படிகமாகிறது. படிகம் வளரும்போது சுற்றியுள்ள துகள்களை நெருக்கி உதிர்க்கிறது. கருங்கல் என்பதால் மணற்கல்லைவிட மிக மெதுவாக, ஆனாலும் நிற்காமல் இது நடக்கிறது.

நான்கு ஆண்டுக்கு ஒருமுறை நடக்கும் பராமரிப்பின் வரிசை:

1. சாரம் கட்டி, நல்ல நீரால் மேற்பரப்பு உப்பைக் கழுவுகிறார்கள்.
2. மூட்டுகளைச் சோதித்து, இடைவெளி விழுந்த இடங்களில் சுண்ணாம்பும் கருப்பட்டியும் கடுக்காயும் சேர்ந்த கலவையை அடைக்கிறார்கள்.
3. காகிதக் கூழைச் சிலை முழுவதும் அப்பி உலரவிடுகிறார்கள். உலரும் கூழ் கல்லுக்குள் இருக்கும் உப்பை வெளியே உறிஞ்சிக்கொள்கிறது.
4. கூழை உரித்துக் கழுவி, நீர் உள்ளே புகாமல் தடுக்கும் சிலிகான் வகை ரசாயனத்தைப் பூசுகிறார்கள்.

2022இல் தொடங்கிய இப்படியொரு பணி 2023 வரை நீண்டது. அந்த மாதங்களில் சிலைக்குப் பயணிகள் அனுமதிக்கப்படவில்லை.

சுண்ணாம்புக் கலவைக்குப் பதில் சிமெண்ட் வைத்து அடைத்தால் என்ன என்று கேட்கலாம். சிமெண்ட் இறுகி அசைவற்றுப் போகும். வெயிலில் விரிந்து இரவில் சுருங்கும் கற்களுக்கு நடுவே அது விரிசல் விடும், அல்லது கல்லின் விளிம்பைப் பெயர்க்கும். சுண்ணாம்பு கொஞ்சம் நெகிழும், விரிசல் விட்டாலும் தானே மெல்ல இறுகும், அடுத்த முறை சுரண்டி எடுக்கவும் எளிது. பழைய கோயில்களில் சிமெண்ட் பூசிய திருப்பணிகள் செய்த கேட்டை நாடெங்கும் பார்க்கலாம்.

பூச்சு நடக்கும்போது செய்தி நிறுவனங்கள் கேட்பது எத்தனை லட்சம் செலவு, எப்போது திறப்பு என்பதை. கேட்க வேண்டியது இரண்டாவது படியைப் பற்றி: எத்தனை மூட்டுகள் திறந்திருந்தன, அவை எந்த உயரத்தில், எந்தத் திசையில், சென்ற முறையைவிடக் கூடியிருக்கிறதா? இடுப்பு வளைவுக்குப் பக்கத்து வரிசைகளில் மூட்டுகள் விலகத் தொடங்கினால் அது உப்பின் வேலையா பாரத்தின் வேலையா என்று பிரித்தறிய ஒரு ஸ்தபதியும் ஒரு கட்டமைப்புப் பொறியாளரும் சேர்ந்து சாரம் ஏற வேண்டியிருக்கும்.